வசிக்கும் உரிமை

பேய்ப் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பேய் கத்தும். இன்னொன்றில் பேய் பாடும். நான் இரண்டாவது வகைக்குச் சின்ன வயதிலேயே அடிமையானவன். வெள்ளைச் சேலை, அணையப்போகும் விளக்கு, பாழடைந்த பங்களா, எங்கிருந்தோ வரும் பெண்குரல், அதைத் தேடி மாடிப்படி ஏறும் நாயகன். கதை என்ன, யார் நடித்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான். குரல் வந்துவிட்டால் போதும். என் வயதுப் பையன்கள் 'பாட்ஷா' வசனம் பேசிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில், 1949ல் வந்த ஓர் இந்திப் படத்தின் பாட்டை ஒரு சொல்லும் புரியாமல் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

காரணம் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். தென்காசிப் பக்கம் தாத்தா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் வேலையோடு வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கோடை விடுமுறை முழுக்க நான் அங்கேதான். அத்தை ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். பழைய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. இந்திப் பாட்டுகள் அவளுக்கு இலங்கை வானொலி கொடுத்த சொத்து. கரண்ட் போன இரவுகளில் படங்களின் கதையைச் சொல்வாள். நடுவில் நிறுத்தி, "என்னல, பயந்துட்டியா?" என்பாள். "இல்லத்தே, சொல்லு." பயம்தான். ஆனால் அந்தப் பயம் தீர்ந்துவிடக் கூடாது என்றும் இருக்கும்.

நான் முணுமுணுத்த பாட்டு 'மகால்' படத்தில் வருவது. கமால் அம்ரோஹி இயக்கம், பாம்பே டாக்கீஸ் தயாரிப்பு. அப்போது மதுபாலாவுக்கு வயது பதினாறு. பாடியவர் லதா மங்கேஷ்கர். முதலில் வந்த இசைத்தட்டில் அவர் பெயர்கூட இல்லை, 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயர்தான் இருந்தது. இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் அடுத்த வருடமே இறந்துபோனார். குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் கேட்கவேண்டும் என்பதற்காக மைக்கை அறையின் நடுவில் வைத்துவிட்டு, லதாவை மூலையிலிருந்து பாடிக்கொண்டே நடந்துவரச் சொன்னார்களாம். லதாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் யாரோ நடந்து வருகிறார்கள் என்று தோன்றும். நிஜமாகவே ஒருவர் நடந்துதான் வந்திருக்கிறார்.

கல்லூரியில் சிக்னல் பிராசசிங் படித்தபோது இதன் கணக்குப் பக்கமும் பிடிபட்டது. நம் காதுக்கு ஒருவரின் குரல் இரண்டு வழிகளில் வருகிறது: நேராக ஒன்று, சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்று. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து நேராக வருவது அதிகம், தள்ளி இருப்பவரிடமிருந்து சுவர் வழியாக வருவது அதிகம். இந்த விகிதத்தை வைத்துத்தான் கண்ணை மூடிக்கொண்டும் தூரத்தை அறிகிறோம். ஆக, பேயின் குரல் என்று நாம் நம்புவதில் பாதி, வீட்டின் குரல். வீடுதான் பாடுகிறது.

இந்த வீடுகளைப் படம்பிடித்தவர்களுக்குள் ஒரு வம்சாவளியே உண்டு. 'மகால்' ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் ஜெர்மானியர். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். அதன் எடிட்டர் பிமல் ராய், டாக்கா பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1958ல் 'மதுமதி' எடுத்தார். கதை ரித்விக் கட்டக், பிரிவினையில் ஊரை இழந்தவர். தமிழில் ஸ்ரீதர் 1963ல் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தபோது ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த ஆண்டே வின்சென்ட் மலையாளம் போய், பஷீரின் கதையை 'பார்கவி நிலையம்' என்று தன் முதல் படமாக இயக்கினார். அதில் பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் ஓடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பெண்ணிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான். அத்தைக்கு இந்தப் படம் தெரியாது. நான் கதை சொன்னபோது, "இவன்தான்ல மனுசன்" என்றாள்.

சிறுவனாக எனக்கு இந்தப் படங்களில் ஒரே ஒரு மனக்குறை. பெரும்பாலும் கடைசியில் பேய் இல்லை என்று ஆகிவிடும். 'மகால்' காமினி தோட்டக்காரரின் மகள். 'வோ கௌன் தி'யிலும் அதைத் தழுவி ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?'யிலும் எல்லாம் சொத்துக்காக நடந்த சதி. ஒன்றரை மணிநேரம் நம்மை அழவைத்த குரல் கடைசி ரீலில் ஒரு உயில் விவகாரமாக முடியும். எனக்கு ஆத்திரமாக வரும். 'மதுமதி' மட்டும் வேறு மாதிரி. கொலைகாரனைப் பயமுறுத்த ஒரு பெண்ணைப் பேயாக நடிக்க ஏற்பாடு செய்கிறார்கள். அவள் வந்துசேரும் முன்பே நிஜப் பேய் வந்து வேலையை முடித்துவிடுகிறது. அத்தை இந்த இடத்தைச் சொல்லும்போது தையலை நிறுத்திவிடுவாள்.

பின்னாளில் ஆங்கில நாவல்களைப் படித்தபோதுதான் சொத்து என்பது இந்தக் கதைகளில் வழிதவறி வந்ததல்ல என்று புரிந்தது. கோதிக் வகைக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் ஹொரேஸ் வால்போலின் 'காசில் ஆஃப் ஒட்ராண்டோ' 1764ல் வந்தது. அதுவே அபகரித்த கோட்டையை உரியவனிடம் சேர்க்கும் கதைதான். 1847ல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் மாடியில் அடைத்துவைக்கப்பட்ட பெர்த்தா, முப்பதாயிரம் பவுண்டுக்காக மணம் முடிக்கப்பட்டவள். (இதன் சாயலில் தமிழில் 1969ல் 'சாந்தி நிலையம்' வந்தது. மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது.) இங்கிலாந்தில் 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்தைப் பறித்தான். அந்த இடிபாடுகளைப் பார்த்தே பிற்காலத்தவர் பேய்க்கதை எழுதினார்கள். இங்கே சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல் வந்தது. பதினைந்து வருடம் கழித்து 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் நம்பியார், நூறு வயதைத் தாண்டியும் சாகாத ஜமீன்தாராக வருகிறார். சட்டம் போனபிறகும் ஆள் போகவில்லை. ஒரு வீடு யாருக்கு என்பது தீராதவரை அங்கே யாரோ நடமாடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அது தீராமல்தான் இருந்தது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. 1979ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டாள். மூன்று மகன்கள், ஒரு மகள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்போதே நான்கு சம பங்கு. ஆனால் அதே சட்டத்தில் 23 என்று ஒரு பிரிவு இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. மகளாக இருந்தால், கல்யாணம் ஆகாதவளுக்கும் விதவைக்கும் கணவனைப் பிரிந்தவளுக்கும் அங்கே வசிக்கும் உரிமை மட்டும் உண்டு.

இந்தப் பிரிவை முதல்முறை படித்தபோது எனக்கு 'மகால்'தான் ஞாபகம் வந்தது. வசிக்கலாம், பாடலாம், விளக்கேற்றலாம். பங்கு மட்டும் கேட்கக் கூடாது. பேய்க்கு நம் சினிமா கொடுத்த அதே உரிமையை மகளுக்குச் சட்டம் கொடுத்திருந்தது. 2005 திருத்தத்தில் இந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

2012ல் வீட்டை விற்கலாம் என்று பேச்சு வந்தது. சித்தப்பாக்கள் ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். அத்தை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு மூன்று பேரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள், ஆளுக்கு நான்கு மாதம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அத்தைக்கு எதற்குப் பணம் என்பதுதான் அவர்கள் கேள்வி. அப்பா ஒன்றும் பேசவில்லை.

எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். பத்திரம் வந்த அன்று ராத்திரி அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குனு அப்படியே வாசி" என்றாள். வாசித்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்றும் சொன்னேன். "கையெழுத்துப் போடலேன்னா என்னல ஆகும்?" "ஒண்ணும் ஆகாதுத்தே. நாலுல ஒரு பங்கு ஒனக்கு. நீ ஒத்துக்கிடாம முழுசா விக்க முடியாது." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "ஒங்க அப்பன் வருத்தப்படுவானே." "படுவாங்க." "நீ?" "நான் படமாட்டேன்." என் சொந்த வாரிசுப் பங்குக்கு எதிராக நான் பேசுகிறேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் பட்டாசலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அத்தை சொன்னாள், "வித்துக்கிடுங்க. ஆனா நாலாப் பிரிங்க." குரலை உயர்த்தவில்லை. சின்னச் சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போனார். இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. அப்பா அன்று இரவு சாப்பிடும்போது, "அவ கேட்டது நியாயம்தான்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

கிரயத்துக்கு முந்தின நாள் ஒரு பாக்கெட் பலூனும் ரெக்கார்டரும் வாங்கிக்கொண்டு போனேன். காலியான பட்டாசலின் நடுவில் பலூனை உடைத்துப் பதிவு செய்தேன். அப்படி ஒரு சின்ன வெடிச் சத்தத்துக்கு ஓர் அறை என்ன பதில் சொல்கிறது என்று தெரிந்தால் போதும். பிறகு எந்தப் பாட்டையும் அந்தப் பதிலோடு கணக்கில் சேர்த்து, அந்த அறையிலேயே பாடியதுபோல் ஆக்கிவிடலாம். கான்வல்யூஷன் என்பார்கள், இன்று எந்த ஸ்டூடியோவிலும் இருக்கும் வசதி. வீடு இடிக்கப்பட்டது. வீட்டின் பதில் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, நீளம் இரண்டு வினாடிக்கும் குறைவு.

அத்தை தன் பங்கில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று வாங்கினாள். பத்திரம் அவள் பெயரில். தாழ்வான கூரை, எதிரொலி கிடையாது. அங்கே போய், 'மகால்' பாட்டைப் பழைய பட்டாசலின் ஒலியோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா ஏன் இப்படிக் கெணத்துக்குள்ள கெடந்து பாடுதா? சும்மா போடு, தெளிவாக் கேக்கட்டும்."

போட்டேன். பாட்டு முடிந்ததும், இரண்டாவது மாடி டீச்சரின் ஜாக்கெட்டை முடிக்க வேண்டும், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போ என்றாள்.