காலுறையைப் புரட்டிப் பார்த்தேன்

சென்ற மாதம் சில மாணவர்களையும் பெற்றோரையும் சுங்கை பூலோவுக்கு அருகிலுள்ள புக்கிட் லாகோங்கில் மலையேற அழைத்துச் சென்றேன். "பள்ளிக் காலுறையே போதும்" என்று சொன்னவன் நான்தான். முதல் நாள் மழையில் பாதை நனைந்து கிடந்தது. பாதி வழியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நொண்டினாள். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. "நீங்கதானே ஐயா போதும்னு சொன்னீங்க" என்றாள்.

வீடு திரும்பியதும் அதே வகைப் பருத்திக் காலுறையையும் என் மெரினோ கம்பளிக் காலுறையையும் உட்புறம் வெளியாகப் புரட்டினேன். பருத்தியில் விரல்நுனித் தையல் கயிறுபோல் புடைத்திருந்தது. குதிகாலுக்கென வடிவமே இல்லை, வெறும் குழாய். கம்பளியில் தையல் தட்டை. குதிகாலிலும் பாதத்திலும் துவாலையில் இருப்பதுபோல் சிறு வளையங்கள் அடர்ந்திருந்தன. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தியோ நனைந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் உராய்ந்தால் புண்தான்.

நம் வெயிலுக்குக் கம்பளியா எனச் சிரிப்பீர்கள். மெல்லிய பின்னல் புழுங்குவதில்லை. முழுக் கம்பளியும் வேண்டாம். நைலான் கலந்தால்தான் குதிகால் விரைவில் தேயாது. விலைதான் இடிக்கிறது. இயலாதோர் பருத்தியைத் தவிர்த்து, விரைவில் உலரும் பாலியஸ்டர் விளையாட்டுக் காலுறையை வாங்கலாம்.

அவள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பயணத்தில் காலுறைகளைப் புரட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவேன்.