தந்தையார் வாசலில் முடியும் ஆட்டம்

சென்னையிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் செல்வோர், தமிழக எல்லையைக் கடந்ததும் காணும் ஊர் தடா. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நெல்லூர் மாவட்டத்தோடு அப்புறம் நின்றுவிட்ட இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கும். தெலுங்கில் விலை பேசித் தமிழில் உறவாடும் அவ்வூரே எம் பிறப்பிடம்.

எம் தந்தையார் சாலையோரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். சில மாலைகளில் எம்மை இரயிலடிக்கு அழைத்துச் செல்வார். தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள் சரக்கு வண்டியில் வடக்கே போகும். 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஆவடித் தொழிற்சாலையின் பெருமையைச் சொல்லிவிட்டு, "எஞ்சின் எவ்வளவு சுமை தாங்கும் என்று அறிந்தவனே மெக்கானிக்" என்பார். அத்தொழில் எமக்கு வேண்டாம் என்று யாம் சொன்ன நாளில் அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். யாம் கடல் கடந்தோம்.

அண்மையில் எம் மகன் கணினித் திரையில் ஒரு பழைய ஜப்பானிய விளையாட்டில் மூழ்கியிருக்கக் கண்டோம். 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுகளின் ஆக்கத்தில் பங்குகொண்ட ஹிரோஷி மியாஓகா உருவாக்க, டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'மெட்டல் மாக்ஸ்' அது. மகன் ஆடியது 1995இல் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் ஆர்வலர்களால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட வடிவம்.

கதை இது: பூமியைக் காக்கும் வழி காணுமாறு மனிதர் 'நோவா' என்னும் பெருங்கணினியைப் படைத்தனர். மனிதரே பூமியின் கேடு என்று முடிவுகட்டிய அக்கணினி உலகை அழித்தது. எஞ்சியோர் பாலையான நிலத்தில் பிழைக்கின்றனர். வேட்டைக்காரன், மெக்கானிக், போர்வீரன் என்னும் மூவர், குகைகளிலும் இடிபாடுகளிலும் கைவிடப்பட்ட டாங்கிகளைக் கண்டெடுத்துப் பழுதுபார்த்து, அரக்க இயந்திரங்களோடு போரிடுகின்றனர்.

டாங்கியைப் பூட்டும் முறையே எம்மை ஈர்த்தது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. பீரங்கி பெரிதானால் எடை கூடும். எஞ்சிய அளவுக்கே கவசத் தகடு ஒட்டலாம். அளவு மீறினால் டாங்கி நகராது. தந்தையாரின் பாடம் ஜப்பானியத் திரையில் எழுந்து வந்ததுபோல் இருந்தது.

"கதாநாயகன் யாரப்பா?" என்றோம்.

"ஒரு மெக்கானிக்கின் மகன். வேட்டைக்காரன் ஆகப்போகிறேன் என்றதும் அவன் அப்பா வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்."

எமக்குப் பேச்சு எழவில்லை. மகன் தொடர்ந்தான்: "ஆனால் எப்போது வேண்டுமானாலும் அப்பாவிடம் திரும்பி வரலாம். 'வேட்டை போதும்' என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்துவிடும். நோவாவை வெல்லவே வேண்டாம்."

தடாவுக்கு யாம் கடைசியாகச் சென்றபோது, பட்டறைத் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார் கேட்டது ஒன்றே: "வந்துவிட்டாயா, இல்லை இன்னும் போக வேண்டுமா?" விடுமுறை பத்து நாள் என்றோம். அவர் தலையசைத்தார். அடுத்த மார்கழியில் அவர் மறைந்தார். அன்று அதை நலம் விசாரிப்பு என்றே எண்ணினோம். அவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பதை, மகனின் ஆட்டம் அன்றோ எமக்கு விளக்கிற்று!

அன்று பொருள் உணர்ந்திருந்தாலும் "போதும்" என்று சொல்லியிருப்போமா? அறியோம். தங்குவதும் திரும்புவதும் அவரவர் சுமைக்கும் எஞ்சினுக்கும் உட்பட்டவை. ஆனால் கேட்பவர் இருக்கும்வரைதான் அக்கேள்விக்கு விடையுண்டு. முதியோர் ஊரில் காத்திருக்கும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

வரும் கோடையில் மகனைத் தடாவுக்கு அழைத்துச் செல்கிறோம். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. அந்த ஸ்பேனர் உள்ளேதான் இருக்கும்.