நான்கு கம்பிகளின் கணக்கு

கொழும்பில் பேஸ் கிற்றார் வாங்க நினைப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் பேச்சு பெயரில்தான் தொடங்கும். ஃபெண்டரா, யமஹாவா, ஐபனேஸா? அதற்கடுத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றா இரண்டா என்று போகும். கம்பியின் முறை வரும்போது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அலுத்துவிட்டிருக்கும்; "கடையில் இருக்கிறதைப் போடுங்கோ" என்பதோடு பேச்சு முடியும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. வெள்ளவத்தை மண்டபங்களிலும் கொட்டாஞ்சேனைக் கோயில் வீதிகளிலும் வாசிக்கிறவருக்கு முதலில் கம்பி, அடுத்து பிக்கப் பொருந்தியிருக்கும் இடம், கடைசியாகத்தான் மாதிரியின் பெயர்.

இங்கே பேஸ் வாசிக்கிறவரின் வேலை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு கல்யாண வரவேற்பில் ஒரே இரவில் இளையராஜாவும் வருவார், ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் வரும், நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் வரும், சாப்பாடு முடிந்தபின் சிங்கள பைலா கட்டாயம் வரும். பைலாவின் ஆறு சிற்றடிகளும் மூன்று மூன்றாகப் பிரிந்து துள்ளுகிறவை. அதில் பேஸ் சுரம் அடியில் விழுந்து, அடுத்தது வருமுன் அடங்க வேண்டும். இழுபட்டால் ஆடுகிறவனின் கால் பிசகும். இளையராஜாவின் தேவை வேறு. 1982இல் வந்த 'பனிவிழும் மலர்வனம்' பாட்டில் பேஸ் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்பதில்லை. பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகிறது. அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இன்னதென்று காதில் விழாவிட்டால் பாட்டில் பாதி போய்விட்டது.

இதற்கு மேல் மண்டபம். கொங்கிரீற் சுவர், டைல்ஸ் தரை, திரைச்சீலை பெயருக்குக் கொஞ்சம். நான்கு கம்பிப் பேஸின் அடிச்சுரமான ஈ 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. அதன் அலைநீளம் எட்டு மீற்றருக்கும் மேல். நம்முடைய மண்டபங்களின் அகலமும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் அமைகிறது. அதனால் சில சுரங்கள் சுவருக்குச் சுவர் மோதிப் பெருகி முழங்கும், சில காணாமலே போகும். காது பேஸ் சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதற்கு மேலே ஒலிக்கும் மடங்குகளை (ஈ-க்கு 82, 123 ஹெர்ட்ஸ்) வைத்துத்தான். அந்த மடங்குகள் ஒலிக்கும் நடுப்பகுதி தெளிவாக இல்லாத வாத்தியம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் நம் மண்டபத்தில் வெறும் உறுமலாகவே கேட்கும்.

இனி மாதிரிகளுக்கு வருவோம். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. 1957இல் அதன் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ஜாஸ் பேஸ் 1960இல், இரண்டு பிக்கப்போடும் ஒடுங்கிய நெக்கோடும் வந்தது. இன்று விற்பனையாகும் பேஸ்களில் பெரும்பகுதி, முகப்பில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான். அப்படியிருக்க, மாதிரியின் பெயரைக் கேட்டு ஒலியைச் சொல்லிவிட முடியுமா? அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன். லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட் (தட்டை நாடா சுற்றிய) கம்பிகளைப் போட்டு, அறுந்தாலன்றி மாற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். ஒலி உருண்டு, குறுகி, மேளத்தின் பக்கத்தில் போய் உட்காரும். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் கையிலும் அதே பிரிசிஷன்தான். கம்பியும் ஃபிளாட்தான், றோட்டோசவுண்ட் நிறுவனத்தினது, தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 50 முதல் 110 பங்குவரை. ஆனால் அவர் புதுக்கம்பி போட்டு, விரலால் பலமாக அடித்து, ஃப்ரெட்டில் கம்பி மோத வாசிக்கிறவர். ஒலி குதிரைக் குளம்புபோலக் கடகடக்கிறது. ஒரே மாதிரி, கம்பியும் ஒரே இனம். இருந்தும் ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொள்ள யாராலும் முடியாது.

"பார்த்தீர்களா, எல்லாம் விரலில்தான் இருக்கிறது, கம்பியிலும் ஒன்றுமில்லை" என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். விரல் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விரல் நேரே தொடுவது கம்பியைத்தான். கம்பியின் வயது, தடிப்பு, மேற்பரப்பு, ஃப்ரெட்டிலிருந்து அதன் உயரம் ஆகியவை விரலுக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பதில்தான் ஜேமர்சனும் ஹாரிசும் பிரிகிறார்கள். விரலைக் கடையில் வாங்க முடியாது. காசு கொடுத்து மாற்றக்கூடியவற்றில் விரலுக்கு மிகக் கிட்ட இருப்பது கம்பி.

ரவுண்ட் கம்பியில், உள்ளே இருக்கும் உருக்கின்மேல் வட்டமான இழை சுற்றப்பட்டிருக்கும். தடவினால் சொரசொரக்கும், மேல் சுரங்கள் மினுங்கும், ஒலி நெடுநேரம் நிற்கும். ஃபிளாட்டில் தட்டையான நாடா சுற்றியிருக்கும். விரல் வழுக்கும், ஒலி சீக்கிரம் அடங்கும். பைலாவுக்கு இந்த அடக்கம் அப்படியே பொருந்துகிறது. ரவுண்ட் கம்பியைப் போட்டுக்கொண்டு டோன் குமிழை முழுவதும் குறைத்தால் ஃபிளாட்டின் ஒலி வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். மினுக்கம் குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் குமிழ் மேல் அதிர்வுகளை வடிகட்டுகிறதே தவிர, கம்பி எவ்வளவு நேரம் அதிர வேண்டும் என்பதில் அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒன்பது வோல்ட் பட்டரி போட்ட அக்ரிவ் பேஸ்களின் குமிழ்களுக்கும் இதே வரம்புதான். கம்பி கொடுத்ததைக் கூட்டலாம், குறைக்கலாம். கொடுக்காததை உண்டாக்க முடியாது.

பிக்கப்புக்கு இரண்டாம் இடம் கொடுத்ததற்குக் காரணம், அது எங்கே இருக்கிறதோ அங்கே கம்பி செய்வதை மட்டுமே கேட்கிறது என்பதுதான். பிரிட்ஜ் பக்கம் கம்பி குறுகலாக அதிரும். அங்கே மேல் மடங்குகள் ஓங்கி, அடிச்சுரம் மெலியும். நெக் பக்கம் போகப்போக அடிச்சுரம் பெருக்கும். எழுபதுகளில் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பைப் பிரிட்ஜை நோக்கி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தியது. அந்தச் சிறு இடைவெளியே காதுக்குத் தெரிகிறது. பேஸ் வாசிப்பாளர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் கம்பியைத் தட்டியும் பிடுங்கியும் வாசிக்கும்போது கிடைக்கும் கூர்மையில் அதற்கும் பங்குண்டு. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதியில் சில அதிர்வுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தனியாகக் கேட்க அது அழகுதான். கீபோர்ட்டும் தபேலாவும் ஒக்டபாட்டும் நிறைந்த மேடையில், நாம் தேடுகிற அந்த நடுப்பகுதியே குழிவிழுந்து போகிறது.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் பிடிக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். கோயில் திருவிழா மேடையில், ஜெனரேற்றரிலிருந்து இழுத்த வயரும் அலங்கார மின்விளக்கும் சூழ, ஜாஸ் பேஸின் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வைத்தால் ஸ்பீக்கரில் கிளம்பும் இரைச்சல் ஏறக்குறைய அந்த ஜி சுரத்தின் மேலேயே வந்து குந்துகிறது. சுரத்தைப் பிடித்தபடி நின்றால் இரண்டும் மோதி விநாடிக்கு ஒரு தடவை அலைபாயும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவில் அந்த இரைச்சல் இரண்டு சுரங்களுக்கு நடுவே விழுகிறது. பிரிசிஷனின் இரண்டு துண்டுப் பிக்கப், சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலைத் தானே அழித்துவிடுகிறது. நம் மேடைகளுக்கு இது பெரிய அனுகூலம்.

ஐந்து கம்பிப் பேஸுக்காகப் பேசுகிறவர்களிடம் நியாயமான காரணம் ஒன்று உண்டு. பாடுகிறவரின் குரலுக்கேற்ப சுருதியை இறக்கினால், பாட்டின் ஆதாரச் சுரம் டி-யிலோ சி-யிலோ போய் நிற்கும். நான்கு கம்பியில் அது ஒரு ஸ்தாயி மேலேதான் கிடைக்கும். சினிமாப் பாட்டையே பிரதானமாக வாசிக்கிற குழுவுக்கு ஐந்தாவது கம்பி வீண் ஆடம்பரமல்ல. ஆனால் அதன் அடிச்சுரம் 31 ஹெர்ட்ஸ். மண்டபத்தில் கட்டிவைக்கும் வாடகை ஸ்பீக்கர் அதைச் சரியாகச் சொல்லுமா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உப்புக்காற்றின் கணக்கும் இருக்கிறது. மெரைன் டிரைவை அண்டிய வீடுகளில் நிக்கல் பூசிய ரவுண்ட் கம்பி ஃப்ரெட்டில் உரசும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து, வேர்வையும் உப்பும் இழைகளுக்குள் புகுந்து, சீக்கிரமே செத்துவிடும். கழற்றிக் கொதிநீரில் போட்டெடுத்தால் உயிர் வரும், ஆனால் கொஞ்சக் காலத்துக்குத்தான். ஸ்டெயின்லெஸ் கம்பி துருவை எதிர்க்கும். பதிலுக்கு ஃப்ரெட்டைத் தின்னும். ஃபிளாட் கம்பியில் அழுக்குத் தங்க இடுக்கே இல்லாததால் வருடக்கணக்கில் நிற்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது, 25 டொலர் கம்பிக் கட்டு ஒன்றின் விலை, வரி சேர்க்காமலே, 5,000 ரூபாவிலிருந்து 9,000 ரூபாவாகிவிட்டது. அந்த நிலையில் ஃபிளாட்டின் கூடிய விலை செலவாகத் தெரியாது. ஆனால் ஃபிளாட் பலவற்றின் இழுவிசை அதிகம். போட்டதும் நெக் வளைகிறதா என்று பார்த்து அதனுள் இருக்கும் ட்ரஸ் றொட்டைச் சரிசெய்ய வேண்டும்.

மாதிரிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நேரான நெக், சமமாகத் தேய்த்த ஃப்ரெட், சுருதி இறங்காத முறுக்காணி, இவை மலிவு வாத்தியத்தில் பிசகலாம். பிசகினால் எந்தக் கம்பியும் காப்பாற்றாது. மறுபடி விற்கும்போது பெயருக்கு விலை கிடைக்கும் என்பதும் மெய். ஆனால் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். முகப்பில் இருக்கும் எழுத்து அதற்கு உத்தரவாதமல்ல.

ஆகவே பிள்ளைக்கு முதல் பேஸ் தேடும் கொட்டாஞ்சேனைப் பெற்றோரே, பிரிசிஷன் வகைப் பிக்கப்போடு நெக் நேராக உள்ள மலிவான ஒன்றை, பாவித்ததானாலும் பரவாயில்லை, வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு கட்டு ஃபிளாட் கம்பியும், அதற்கேற்ப நெக்கைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவருக்குக் கூலியும் கொடுங்கள். இப்போது இருக்கும் பேஸ் பிடிக்கவில்லை என்று விற்க நிற்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் கம்பியை மாற்றி ஒரு கச்சேரி வாசித்துப் பாருங்கள்.