கயிற்றுக்கு அப்பால்

"பதறாத காரியம் சிதறாது" என்பது எங்கள் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அதன் பொருளை நாங்கள் வகுப்பறையில் கற்கவில்லை. கையில் கேமராவுடன் செம்மண் புழுதியில் நின்று, ஒரு முறை பதறிய பிறகே கற்றுக்கொண்டோம். அந்தக் கதையை இந்த ஆண்டு மலரில் எங்கள் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் என்றால் மூவர். ஒருத்தி மயிலாப்பூர்க்காரி, ஒருத்தி தியாகராய நகர்க்காரி, ஒருத்தி அடையாறுக்காரி. மூவரும் ஒரே பெஞ்சு. பள்ளிப் புகைப்படக் கண்காட்சிக்கு இந்த ஆண்டு 'இயக்கம்' என்ற தலைப்பைச் சிஸ்டர் கொடுத்தவுடன், மற்றவர்கள் கடல் அலையையும் புறாக்கூட்டத்தையும் தேடிப் புறப்பட்டார்கள். நாங்களோ, மேட்டிலிருந்து வானத்தில் பாயும் மோட்டோகிராஸ் பைக்கைப் படம் பிடிப்பது என்று முடிவு செய்தோம். "பத்தாம் வகுப்புப் பரீட்சையை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து?" என்று மூன்று வீட்டிலும் ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அதுவும் பெரியவர் துணையோடு மட்டும் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி கிடைத்தது.

துணைக்கு வந்தவர் மயிலாப்பூர்க்காரியின் சித்தப்பா. அவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். "கல்யாணத்துல மாப்பிள்ளை ஓடமாட்டார்மா, நிதானமா எடுக்கலாம். பைக் உனக்காக நிக்காது. முதல்ல ரோட்டுல பழகுங்க" என்றார் அவர்.

முதல் பாடம் மாட வீதியில் நடந்தது. ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்து, போகிற சைக்கிளை எடுத்தோம். படம் தெளிவாக விழுந்தது. ஆனால் சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தன. சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்பது போலத் தோன்றியது! "வேகத்தைப் பிடிச்சுட்டீங்க, ஆனா வேகத்தைக் காணோம்" என்று சித்தப்பா சிரித்தார். பிறகு 1/60 வினாடிக்குக் குறைத்து, வண்டி வரும்போதே அதைக் கேமராவால் பின்தொடர்ந்து, உடம்பைத் திருப்பியபடியே அழுத்தச் சொன்னார். இதற்குப் 'பேனிங்' என்று பெயர். வண்டியின் வேகமும் நம் திருப்பத்தின் வேகமும் ஒன்றானால் வண்டி தெளிவாகவும், பின்னால் உள்ள கடைகளும் மரங்களும் கோடு கோடாகவும் விழும்.

சொல்வது எளிது. கால்களை அகட்டி ஊன்ற வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்ட வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் திரும்ப வேண்டும். பொத்தானை அழுத்தியதும் நின்றுவிடாமல் தொடர்ந்து திரும்ப வேண்டும். த்ரோபாலில் பந்தை விட்ட பிறகும் கை முன்னே போகிறதல்லவா, அதே முறைதான். அன்று நாங்கள் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் தேறியவை மூன்றே மூன்று. நடுவில் ஓர் ஆட்டோக்கார அண்ணன் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, என் வண்டி நம்பரைப் போட்டோ புடிச்சு போலீசுல கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது!

அடுத்த வாரங்களில், 2019-ல் அகலமாக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதையில் நின்று ஸ்கூட்டர்களை எடுத்தோம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடியற்காலைச் சைக்கிள்காரர்களை எடுத்தோம். அங்கே ஷ்மிட் நினைவு மண்டபத்தை ஒட்டி அமர்ந்து படங்களைச் சரிபார்த்தபோது, அது யாருக்கு எழுப்பியது என்று சித்தப்பாதான் சொன்னார். கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் தம் உயிரை விட்ட டென்மார்க் நாட்டுக்காரருக்காம். அப்போது அதை ஒரு செய்தியாக மட்டும் கேட்டுக்கொண்டோம்.

இதற்கிடையே நூலகத்திலும் தேடினோம். மோட்டோகிராஸின் முன்னோடி, 1924-ல் இங்கிலாந்தில் காம்பர்லி என்ற இடத்தில் மேடு பள்ளங்களில் நடந்த 'ஸ்கிராம்பிள்' பந்தயமாம். நம் சென்னைக்கும் இந்த வேகத்தில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பைக், கார் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைத்தது. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றவர். பெண்களால் ஓட்ட முடியுமென்றால் பெண்களால் படம் பிடிக்க முடியாதா? சேலை உடுத்து, சைக்கிளில் கேமராவோடு தில்லித் தெருக்களில் சுற்றிய ஹோமாய் வியாரவாலாதானே நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்!

லார்டீக் என்ற பிரெஞ்சு இளைஞர் முதல் உலகப் போருக்குச் சற்று முன் எடுத்த ஒரு பந்தயக் கார் படம் எங்களை மிகவும் கவர்ந்தது. அதில் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் பின்னே சாய்ந்திருக்கிறார்கள். அவர் காரோடு கேமராவைத் திருப்பினார். ஆனால் காரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஷட்டரின் இடுக்கு மெல்ல நகர்வதற்குள் எல்லாமே இடம் மாறிவிட்டன. தவறிய அந்தப் படமே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. தவறும் அழகாகும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். எல்லாத் தவறும் அப்படி அல்ல என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. நகருக்கு வெளியே ஒரு செம்மண் திடல். மண்ணைக் குவித்து மேடுகளும் வளைவுகளும் அமைத்திருந்தார்கள். அப்பப்பா, என்ன சத்தம்! என்ன புழுதி! பார்வையாளர்களுக்காகத் தடத்தை ஒட்டி நெடுகக் கயிறு கட்டியிருந்தது. மஞ்சள் கொடியுடன் ஆங்காங்கே மார்ஷல்கள் நின்றார்கள். யாராவது விழுந்தால் அவர்கள் கொடியை அசைப்பார்கள். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது.

"முதல் ரெண்டு சுற்று கேமராவைத் தொடாதீங்க. எங்கே குதிக்கிறாங்க, எங்கே திரும்புறாங்கன்னு மட்டும் பாருங்க. கயிற்றைத் தாண்டவே கூடாது" என்றார் சித்தப்பா. பார்த்தோம். மேட்டின் உச்சியில் பைக் எழும்பி, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரு கணம் தொங்குவது போலிருக்கும். அந்தக் கணத்தில் அழுத்தினால் படம் தெளிவாக விழும். பைக் கண்ணுக்குத் தெரியுமுன் இன்ஜின் சத்தம் ஏறுவதைக் காதால் கேட்டே தயாராகலாம். உச்சி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் முகம் இருட்டாகிவிடும் என்பதால் காலை வெளிச்சமே நல்லது. குவியத்தை மேட்டு விளிம்பில் முன்னதாகவே நிறுத்தி வைத்து நல்ல படங்கள் நாலைந்து எடுத்தோம்.

ஆனால் ஆசை யாரை விட்டது? தாழ்வான இடத்திலிருந்து எடுத்தால் பைக் இன்னும் உயரத்தில் பறப்பது போலிருக்கும் அல்லவா? சித்தப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம். மார்ஷல் மறுபக்கம் திரும்பியிருந்தார். "ஒரே ஒரு படம்" என்று ஒருத்தி சொன்னாள். யார் சொன்னது என்று இன்று நாங்கள் சொல்லப் போவதில்லை. சொன்னது ஒருத்தி, குனிந்தது மூவரும். கயிற்றுக்குக் கீழே நுழைந்து, மேட்டின் இறக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

27-ஆம் எண் பைக் மேலே எழும்பியது. அந்த வீரன் எங்களைப் பார்த்துவிட்டான். காற்றிலேயே உடம்பை வளைத்தான். பைக் கோணலாக இறங்கிச் சறுக்கியது. அவன் எங்களுக்கு எதிர்ப்புறமாக விழுந்து உருண்டான். மஞ்சள் கொடி அசைந்தது. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. மார்ஷல் ஓடி வந்து எங்களைக் கயிற்றுக்கு வெளியே இழுத்துவிட்டார்.

அவன் எழுந்தான். நொண்டியபடியே பைக்கை நிமிர்த்தி மறுபடி ஓட்டினான். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவன் கடைசிக்கு முந்தியவனாக முடித்தான். பந்தயம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியபடி எங்களைக் கடந்தபோது பார்த்தோம். எங்கள் அண்ணன்மார் வயதுதான் இருக்கும். திட்டுவான் என்று நடுங்கினோம். அவன் திட்டவில்லை. "அந்தக் கயிறு எங்களுக்காகக் கட்டலம்மா, உங்களுக்காகத்தான் கட்டியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். மன்னிப்புக் கேட்கக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை.

வீடு திரும்பும்வரை மூவரும் பேசவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லவில்லை.

இரவு படங்களைப் பார்த்தோம். பதற்றத்தில் விரல் அழுத்திய படம் ஒன்று இருந்தது. நீல வானம், சிதறும் செம்மண், நடுவில் பைக். அதுவரை நாங்கள் எடுத்த எல்லாப் படங்களிலும் அதுவே சிறந்தது. வீரர்கள் எப்போதும் தடத்தைத்தான் பார்ப்பார்கள். இவன் மட்டும் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் கழித்துப் படங்களைத் தேர்ந்தெடுத்த சிஸ்டர், அதையே முதலில் எடுத்து வைத்தார். "எவ்வளவு உயிர்! நம்மையே பார்க்கிறானே, எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவன் ஏன் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். சுவரில் மாட்டினால் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. மாட்டலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலையே சித்தப்பாவிடமும் சொன்னோம். அவர் கோபித்தார், நன்றாகவே கோபித்தார். "படம் போனா இன்னொரு படம் எடுத்துக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கேட்டு, ஒரு மாதம் கேமராவைத் தரவில்லை. பந்தயம் நடத்தியவர்கள் மூலமாக 27-ஆம் எண் வீரருக்கு மூவரும் கையெழுத்திட்டு மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை.

கண்காட்சியில், மாட வீதியில் பூக்கூடையோடு சைக்கிள் மிதித்துப் போகும் ஒரு தாத்தாவின் படத்தை வைத்தோம். முதல் நாள் தேறிய மூன்றில் அது ஒன்று. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அதன் முன் நின்று, "எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்களால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

பெசன்ட் நகர்ப் பக்கம் போகும்போது இப்போது ஷ்மிட் மண்டபத்தின் முன் சற்று நிற்கிறோம். பிறருக்காகத் தம்மை ஆபத்தில் இட்டவர் ஒருவரை நாங்களும் நேரில் பார்த்தவர்கள்.

தோழியரே, இந்த மலரின் பக்கங்களில் அந்தப் படத்தைத் தேடாதீர்கள். அது இங்கே இல்லை. நாங்கள் அதை அழித்துவிடவும் இல்லை. மூவரும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஏதேனும் ஒரு கயிற்றுக்கு அருகே நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வதற்காக.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் மூவர்