போனில் வந்த ஜெயில்

டிஜிட்டல் அரெஸ்ட்! இப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. (இருந்தால் எங்கள் ஏரியா இன்ஸ்பெக்டர் வெயிலில் அலைவாரா?) ஆனாலும் என் பெரியப்பா இரண்டு மணி நேரம் 'உள்ளே' இருந்தார். மேற்கு மாம்பலத்தில், சொந்தப் படுக்கையறையில்!

வாட்ஸ்அப் வீடியோ காலில் ஒரு காக்கிச் சட்டை: "உங்க ஆதாரை வச்சு ஒரு அக்கவுண்ட். அதுல கறுப்புப் பணம். போனை வைக்கக் கூடாது. சம்சாரத்துகிட்டகூட மூச்சு விடாதீங்க. இருக்கிற பணத்தை நாங்க சொல்ற அக்கவுண்டுக்கு அனுப்புங்க. செக் பண்ணிட்டுத் திருப்பிடுவோம்."

நானும் பி.காம்.தான். பணத்தை இடம் மாற்றிச் சரிபார்க்கிற ஆடிட்டிங்கை எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. பெரியப்பாவோ ரிடையர்டு ஹெட்மாஸ்டர், ஏமாளி இல்லை. பிறகு எப்படி? அந்த 'மூச்சு விடாதீங்க'வில்தான் சூட்சுமம். பக்கத்தில் ஒரு ஆள் "யாருங்க அது?" என்று கேட்டுவிட்டால் நாடகம் முடிந்தது.

கேட்டது பெரியம்மா, காபி ஆறிப்போன கோபத்தில். 'அதிகாரி' ஓட்டம்! ஆனால் அதற்குள் 80,000 ரூபாய் போயிருந்தது.

உடனே 1930-க்கு போன் போட்டோம். சைபர் மோசடிப் புகாருக்கான எண். திருட்டுப் பணம் ஓரிடத்தில் நிற்காது. கணக்குவிட்டுக் கணக்கு தாவும். தாவும் முன் சொன்னால் வங்கி மூலம் நிறுத்தி வைக்க வழி உண்டு. பெரியம்மா புண்ணியத்தில் 52,000 நின்றது.