மரு சொல்லாத சேதி

அந்தரங்க இடத்தில் மரு வந்தால் நம்மவர்கள் டாக்டரிடம் போக மாட்டார்கள். பி.காம். படித்த என்னிடம் வருவார்கள்! 'கேன்சராயிடுமா சார்?' என்று கிசுகிசுத்தார் ஒரு நண்பர்.

பயம் நியாயம்தான். ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹாசனே முதலில் மருவைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால், மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11-ம் ரகங்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் தேடினால், பெரும்பாலும் காணோம். ஆசாமி விடவில்லை. 1983-ல் 16-ம் ரகம், அடுத்த வருஷம் 18 சிக்கின. 2008-ல் நோபல் பரிசு. அந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவிகிதம் இந்த ரெண்டின் கைவரிசை.

இதுங்க பொதுவா மரு காட்டாதுங்க, அதான் வில்லங்கம். மரு இருக்கிறவருக்கு இவையும் கூடவே தொற்றியிருக்கலாம். மருவே வராத பெண்ணுக்கும் இருக்கலாம். மருவை டாக்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் வீட்டில் முப்பது தாண்டிய பெண்களுக்கு ஹெச்.பி.வி. டெஸ்ட் எடுத்தாச்சா?