நெரிசலும் செல்வமும்

வீதியில் வண்டிகள் பெருகினால் நாடு முன்னேறிவிட்டதென மகிழ்வோர் நம்மில் பலர் உளர். பிரிக்பீல்ட்ஸில் மாலை வேளைகளில் நடந்து செல்லும் எனக்கும் அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டெனவே தோன்றுகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கூட்டரசு நெடுஞ்சாலை வெறிச்சோடிற்று. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் நாட்டு உற்பத்தி 17.1 விழுக்காடு வீழ்ந்தது. வெறுஞ் சாலை அன்று வெற்றடுப்பின் அறிகுறியாயிருந்தது.

ஆயினும், அடுப்பெரிந்தால் புகை வருமென்பதனால், புகை மிகுந்தால் சோறு மிகுமென்று எவரேனும் சொல்வரோ? நெரிசல் வளர்ச்சியின் புகையேயன்றி வளர்ச்சியன்று. கோலாலம்பூர் வட்டாரத்து நெரிசலால் 2014இல் நேர்ந்த இழப்பு, நாட்டு உற்பத்தியில் 1.1 முதல் 2.2 விழுக்காட்டுக்கு நிகரென உலக வங்கி 2015இல் மதிப்பிட்டது.

இவ்வூர் வரலாறும் இதனையே புகட்டும். ஆற்றுப் படகுகளை நம்பியிருந்த ஈய வாணிகம், 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் குடாவையும் இணைத்து இருப்புப்பாதை வந்தபின் விரைவு பெற்றது. அப்பாதைப் பணியில் உழைத்த தமிழர் பலர் பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்தனர். வண்டிகள் நின்றதனால் செல்வம் பெருகவில்லை; சரக்கும் மக்களும் நகர்ந்ததனாலேயே பெருகிற்று.

பின்னர் நடந்ததென்ன? 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. சொந்தக் கார் மதிப்பின் அடையாளமாயிற்று. சாலைகளை அகலப்படுத்தினர், அகன்ற சாலை மேலும் கார்களை அழைத்தது. சிங்கப்பூரோ 1975லேயே காலை வேளையில் நகர்மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. இங்கு கொமுட்டர் 1995இலும், இலகு இரயில் 1996இலும், எம்.ஆர்.டி. 2016இலும் ஓடத் தொடங்கின. ஆனால் நிலையத்துக்குச் செல்லப் பேருந்தில்லாதவனுக்கு இரயில் இருந்தென்ன பயன்?

இப்பாரம் யாவர்க்கும் ஒரே அளவினதன்று. தோட்டத்தை இழந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நம் தாய்மார், தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியுமுன் எழுகின்றனர். நெரிசலில் கழியும் நேரத்துக்குக் கூலி கொடுப்பாரில்லை. வீடு திரும்புமுன் குழந்தை உறங்கிவிடுகின்றது. கணக்கெழுதுவோர் நேரத்தைக் கூலிகொண்டே மதிப்பிடுவர். ஆதலின் கூலி குறைந்தவளின் நேரம் ஏட்டிலும் மலிவாகின்றது. அக்குழந்தை இழந்த தாலாட்டு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இதற்குக் காரணம் தலையெழுத்துமன்று, கிரகக் கோளாறுமன்று. மனிதர் வகுத்த திட்டம். மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் கோயிலுக்கு மானியம் கேட்குமுன், குடியிருப்பிலிருந்து நிலையத்துக்கு நேரந்தவறாப் பேருந்து கேளுங்கள். உழைப்பவளை வேளையோடு வீடு சேர்க்கும் நாடே வளர்ந்த நாடு.